முதல் பணம்: தென்னிந்திய உயர்கல்வியில் கொடையின் வரலாறு (1794–2025)

முன்னுரை

தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் பெயர்ப் பலகைகளைப் படித்தாலே கல்விக் கொடை வரலாற்றில் பாதி தெரிந்துவிடும். பச்சையப்பன், அண்ணாமலை, அழகப்பா, எத்திராஜ், தியாகராசர், பி.எஸ்.ஜி. என்று கொடுத்தவர் பெயரையே அவை தாங்கி நிற்கின்றன. மீதிப் பாதி பலகையில் இல்லை. பணம் எந்த நிபந்தனையோடு வந்தது, எதற்குச் செலவானது, கொடுத்தவர் காலத்துக்குப் பின் யார் அதைச் சுமந்தார்கள் என்ற விவரங்களில்தான் அது இருக்கிறது.

மாணவருக்கு உதவித்தொகை, ஆய்வுக்கு நிதி, புத்தொழிலுக்கு முதலீடு ஆகிய மூன்றையும் தனித்தனிக் கதைகளாகச் சொல்வதே வழக்கம். இக்கட்டுரை மூன்றையும் ஒரே வரலாற்றின் அடுத்தடுத்த கட்டங்களாகப் பார்க்கிறது. அரசும் சந்தையும் இறங்கத் தயங்கிய இடத்தில் முதலில் இறங்கியபோதெல்லாம் கொடை பெரும் பலன் தந்திருக்கிறது. ஒரு நிறுவனத்தின் அன்றாடச் செலவைக் காலமெல்லாம் சுமக்கும் வேலையைக் கொடையின் தலையில் கட்டியபோது அது தடுமாறியிருக்கிறது. சென்னை, காரைக்குடி, கோவை, சிதம்பரம், பெங்களூரு ஆகிய இடங்களின் அனுபவங்களிலிருந்து இந்தக் கருத்தை நிறுவ முயல்கிறேன்.

கோயில் கட்டளையிலிருந்து கல்லூரிக்கு

நவீனக் கல்விக் கொடையின் தொடக்கம் கல்விக்காக எழுதப்படாத ஓர் உயிலில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துச் சென்னையில் துபாஷியாக இருந்து பெரும் பொருள் ஈட்டிய பச்சையப்ப முதலியார் 1794-ல் மறைந்தார். அவருடைய உயில் சொத்தின் பெரும்பகுதியைக் கோயில் கட்டளைகளுக்கும் தருமங்களுக்கும் ஒதுக்கியது. பின்னர் வழக்குகள் பல பத்தாண்டுகள் நீண்டன. நீதிமன்றத்தின் பாதுகாப்பில் வட்டி சேர்ந்து பணம் பெருகியது. உயில் குறித்த தருமங்களுக்குப் போக எஞ்சியதைக் கல்விக்குத் திருப்பலாம் என்று அன்றைய சென்னை உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டனுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. 1842-ல் அந்தப் பணத்தில் ஒரு பள்ளி தொடங்கியது. 1889-ல் அது கல்லூரியானது.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, கொடையாளர் நினைத்திராத ஒரு நோக்கத்துக்குச் சட்டம் அவர் பணத்தை நகர்த்தியது. எஞ்சிய பணத்தைப் பொதுநலனுக்குப் பயன்படுத்தலாம் என்ற இந்த வழி திறந்திராவிட்டால் பச்சையப்பன் கல்லூரியே இல்லை. இரண்டாவது, மூல அறத்தின் எல்லைக்கோடுகளும் பணத்தோடு கூடவே வந்தன. 1947 வரை இந்துக்கள் மட்டுமே அங்கே சேர முடிந்தது. கொடுத்தவர் காலத்து வரையறை ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் மாணவர் சேர்க்கையைத் தீர்மானித்தது.

மாதம் இருபத்தைந்து ரூபாய்

உதவித்தொகையின் நிபந்தனை ஒரு மாணவரை என்ன செய்யும் என்பதற்குச் சீனிவாச இராமானுஜனைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணிதம் தவிர மற்றப் பாடங்களில் தேறாமல் அதை இழந்தார். 1906-ல் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. தேர்வு எழுதினார். அங்கும் அதே கதை. கொடையால் எழுந்த கல்லூரியும் அரசுக் கல்லூரியும் ஒரே அளவுகோலைத்தான் வைத்திருந்தன. எல்லாப் பாடத்திலும் தேறாதவருக்கு இரண்டிலும் இடமில்லை.

1910-ல் அவர் ஆர். இராமச்சந்திர ராவைச் சந்தித்தார். ராவ் நெல்லூர் கலெக்டர், இந்தியக் கணிதவியல் கழகத்திலும் பொறுப்பு வகித்தவர். நோட்டுப் புத்தகங்களைப் பார்த்தபின் தம் சொந்தப் பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுக்கத் தொடங்கினார். தேர்வு எழுத வேண்டும், வருகைப் பதிவு வேண்டும், அறிக்கை தர வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் அதில் இல்லை. பெர்னூலி எண்கள் குறித்த இராமானுஜனின் கட்டுரை கணிதவியல் கழக இதழில் 1911-ல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவர் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்த பிறகு, 1913 மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது.

இந்த வரிசையில்தான் பாடம் இருக்கிறது. விதிகளின்படி இயங்கும் பல்கலைக்கழகத்தால், திறமைக்கு வெளிச் சான்று கிடைத்த பிறகே பணம் கொடுக்க முடிந்தது. சான்று வருமுன் கொடுத்தவர் ஒரு தனிமனிதர். தொகை சிறிதுதான், ஆனால் வேறு எவரும் துணியாத நேரத்தில் வந்த தொகை அது.

ஆய்வுக்கூடத்துக்கு வந்த கொடை

தனிமனிதரைத் தாங்கும் கொடையை ஓர் ஏற்பாடாக மாற்றியவர் ஜாம்ஷெட்ஜி டாட்டா. 1892-ல் அவர் தொடங்கிய ஜே.என். டாட்டா அறக்கட்டளை, வெளிநாட்டில் உயர்கல்வி கற்கப் போகும் இந்தியர்களுக்குக் கடன் உதவித்தொகை அளித்தது. வேலைக்குப் போனவர் திருப்பிச் செலுத்தும் பணம் அடுத்த மாணவருக்குப் போகும். லண்டனில் படித்துப் பின்னாளில் குடியரசுத் தலைவரான கே.ஆர். நாராயணன் இந்த உதவி பெற்றவர்களில் ஒருவர்.

1898-ல் டாட்டா தம் சொத்துகளிலிருந்து 30 இலட்சம் ரூபாய் மதிப்புள்ளவற்றை ஓர் ஆய்வுப் பல்கலைக்கழகத்துக்காக ஒதுக்க முன்வந்தார். படிக்க மாணவர் கிடைப்பார்களா, படித்தவர்களுக்கு வேலை கிடைக்குமா என்று வைஸ்ராய் கர்சன் பிரபு ஐயப்பட்டார். டாட்டா 1904-ல் மறைந்தார். மைசூர் அரசு 371 ஏக்கர் நிலமும் பணமும் கொடுத்தது; இந்திய அரசு ஆண்டு மானியத்துக்கு இசைந்தது. 1909-ல் இந்திய அறிவியல் நிறுவனம் பெங்களூரில் உருவாயிற்று. தனியார், சமஸ்தானம், பேரரசு ஆகிய மூன்று கைகள் சேர்ந்ததால்தான் அது நிலைத்தது.

ஆய்வு தொழிலாக மாறும் வழியும் அங்கே சீக்கிரமே தெரிந்தது. முதல் உலகப் போர் மூண்டதும் மைசூர்ச் சந்தனக் கட்டைக்கு இருந்த ஜெர்மன் சந்தை அடைபட்டது. கட்டையாக ஏற்றுமதி செய்ய முடியாவிட்டால் தைலமாக வடிக்கலாம் என்று நிறுவனத்தின் வேதியியலாளர்கள் சட்பரோவும் வாட்சனும் முறை வகுத்தார்கள். மைசூர் அரசு பெங்களூரில் தைல ஆலை நிறுவியது. புத்தொழில் என்ற பேச்சே எழாத காலத்தில் கொடையில் பிறந்த ஓர் ஆய்வுக்கூடம் தொழிற்சாலை வரை சென்ற நிகழ்வு இது.

தமிழ்நாட்டில் இதற்கு ஈடான முயற்சி கோட்டையூர் அழகப்ப செட்டியாருடையது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்பக் கல்லூரி அமைய 5 இலட்சம் ரூபாய் கொடுத்தார். அது 1944-ல் தொடங்கியது. 1947-ல் காரைக்குடியில் கலைக்கல்லூரி எழுந்தது. அதே காலத்தில் சாந்தி ஸ்வரூப் பட்னாகரின் தலைமையில் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் தேசிய ஆய்வகங்களை நிறுவிக்கொண்டிருந்தது. அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் தர முன்வந்து, ஓர் ஆய்வகத்தைச் செட்டிநாட்டுச் செம்மண்ணுக்கு அழைத்து வந்தார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் திறக்கப்பட்டது.

ஆய்வாளர் சம்பளத்தையும் கருவிகளின் பராமரிப்பையும் அன்றிலிருந்து மத்திய அரசு பார்த்துக்கொள்கிறது. அழகப்பர் 1957-ல் மறைந்த பிறகும் ஆய்வகம் ஒரு நாளும் அவர் குடும்பத்தின் வருமானத்தை எதிர்பார்த்து நிற்கவில்லை. மண்டபம் கடற்கரையில் உலோக அரிப்பை ஆராயும் நிலையம், மின்வேதியியல் பொறியியலில் பி.டெக். படிப்பு, லித்தியம் அயனி மின்கல ஆய்வு என்று அது விரிந்தது. 2018-ல் அந்த மின்கலத் தொழில்நுட்பத்தைத் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு வழங்க ஒப்பந்தமும் ஆயிற்று. நாற்று விட்டவர் ஒருவர், நடவு செய்து நீர் பாய்ச்சியவர் வேறொருவர் என்பதே காரைக்குடியின் வெற்றிக்குக் காரணம்.

ஐந்தாவது பங்கும் இருபது இலட்சமும்

கோவை பீளமேட்டில் வேறொரு முறை உருவானது. பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு புதல்வர்களும் 1926-ல் பாகம் பிரித்தபோது சொத்தை ஐந்து பங்காக்கினார்கள். ஐந்தாவது பங்கு அறத்துக்கு. பி.எஸ்.ஜி. அண்ட் சன்ஸ் அறநிலையம் அப்படிப் பிறந்தது. அதன் தொழிற்பயிற்சி நிலையத்தில் பட்டறையும் வகுப்பறையும் ஒட்டியே இருந்தன. 1951-ல் தொழில்நுட்பக் கல்லூரியும் 1998-ல் பி.எஸ்.ஜி. ஸ்டெப் என்னும் தொழில் வளர் காப்பகமும் அந்த மரபில் வந்தன. மோட்டார், பம்புசெட், வார்ப்படம் என்று உற்பத்தி செய்யும் ஊர் சுற்றிலும் இருந்ததால் கற்பித்தலும் தொழிலும் அங்கே இயல்பாகவே கலந்தன.

சிதம்பரத்தில் கதை வேறு. ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1920-ல் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். பின்னர் அளித்த 20 இலட்சம் ரூபாய்க் கொடையின் பேரில் 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானது. சென்னைக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற தேவைக்கு அரசை விட விரைவாக விடை சொன்னவர் அவர். தமிழ் ஆராய்ச்சிக்கும் தமிழிசைக்கும் அது செய்த பணி பெரிது. ஆனால் நிறுவனரின் குடும்பத்துக்கு நிர்வாகத்தில் நிலையான இடம் தந்த அமைப்பு, பல்லாயிரம் ஊழியர்களின் சம்பளச் சுமையை எதிர்கொண்டபோது திணறியது. நிதி நெருக்கடி முற்றி, 2013-ல் தனிச் சட்டத்தின் மூலம் மாநில அரசு பல்கலைக்கழகத்தை ஏற்றுக்கொண்டது. தொடக்க மூலதனம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் எட்டுப் பத்தாண்டுச் சம்பளப் பட்டியலுக்கு அது ஈடுகொடுக்காது.

முன்னாள் மாணவர்களின் கொடை

வணிகக் குடும்பங்களின் இடத்துக்கு இந்த நூற்றாண்டில் முன்னாள் மாணவர்கள் வந்திருக்கிறார்கள். 1959-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கிய ஐ.ஐ.டி. மெட்ராஸ் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 2024-ல் கிருஷ்ணா சிவுகுலா 228 கோடி ரூபாய் அளித்தார். அதே ஆண்டு சுனில் வாத்வானி அளித்த 110 கோடியில் தரவு அறிவியல், செயற்கை நுண்ணறிவுப் பள்ளி தொடங்கியது.

மற்றொரு முன்னாள் மாணவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணன் குடும்பத்தின் ஆதரவில் அங்கே இயங்கும் மூளை ஆய்வு மையத்தின் பணியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். கருவிலிருக்கும் சிசுவின் மூளையை மெல்லிய தகடுகளாகச் சீவி, 5,132 தகடுகளை உயர் துல்லியத்தில் படமாக்கி, ‘தரணி’ என்ற பெயரில் முப்பரிமாண வரைபடத் தொகுப்பாக 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் இலவசமாகப் பயன்படுத்தலாம். உடனடி விற்பனைப் பொருள் எதுவும் இதில் இல்லை, பலன் தெரியப் பல ஆண்டுகள் ஆகும். ராவின் 25 ரூபாய்க்கும் இந்த மையத்துக்கும் அளவில் ஒப்பே இல்லை. பலன் உறுதியாகும் முன்பே கொடுத்தது என்பதில் இரண்டும் ஒன்று.

புத்தொழிலுக்கு இதே தர்க்கம் இன்னும் கூர்மையாகப் பொருந்தும். ஆய்வுக்கட்டுரை வந்துவிட்டது, ஆனால் பொருள் இல்லை, வாடிக்கையாளர் இல்லை என்ற கட்டத்தில் வங்கி கடன் தராது. முதலீட்டாளரும் வர மாட்டார். அந்த இடைவெளிக்கென்றே குருராஜ் தேஷ்பாண்டே 2002-ல் எம்.ஐ.டி.யில் ஒரு மையத்தை உருவாக்கினார். அவரும் கோபாலகிருஷ்ணனும் தாங்கள் படித்த ஐ.ஐ.டி. மெட்ராஸிலும் 2017-ல் அத்தகைய மையத்தை நிறுவினர். ஆய்வுக்குழுக்களைப் பயனாளர்களிடம் நேரில் அனுப்பிக் கேட்கவைப்பது அதன் பயிற்சியின் மையப் பகுதி.

2013-ல் தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் தொடங்கிய ஏதர் எனர்ஜி, ஐ.ஐ.டி. காப்பகத்தில் வளர்ந்தது. மின்கலத் தொகுப்பு செய்யலாம் என்று தொடங்கியவர்கள், சந்தையிலிருந்த மின் ஸ்கூட்டர்களின் தரத்தைப் பார்த்து வண்டியையே செய்ய முடிவெடுத்தார்கள். 2025-ல் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தபோது தன் பங்குகளை விற்றவர்களில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் காப்பகமும் ஒன்று. இலாப நோக்கற்ற காப்பகம் சிறு பங்கை வைத்துக்கொண்டு, வெற்றி பெறும் நிறுவனத்திலிருந்து வரும் பணத்தை அடுத்த குழுவுக்குத் தரும் இந்த ஏற்பாடு, டாட்டாவின் 1892 கடன் உதவித்தொகையின் மறுவடிவம்.

முடிவுரை

கொடைக்குச் சட்டமும் இப்போது துணை நிற்கிறது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. கல்விக்கும் காப்பகங்களுக்கும் கொடுப்பது இதில் அடங்கும். 2023-ல் அமைக்கப்பட்ட அனுசந்தான் தேசிய ஆய்வு நிறுவனத்துக்கு ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் திட்டமிட்டபோது, ஏறத்தாழ 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வரும் என்று கணக்கிட்டார்கள். காரைக்குடியின் பங்கீட்டை இது தலைகீழாக்குகிறது. அங்கே தனியார் தொடங்கி வைத்தார், அரசு தொடர்ந்து நடத்தியது. இங்கே தொடர்ந்து நடத்தும் பொறுப்பையே தனியாரிடம் எதிர்பார்க்கிறார்கள். சிதம்பரத்தின் அனுபவம் அந்த எதிர்பார்ப்புக்கு ஆதரவாக இல்லை.

மற்றொரு மாற்றம் இதைவிடக் கவலை தருவது. பழைய வள்ளல்கள் தங்கள் ஊருக்குக் கொடுத்தார்கள். கோட்டையூர்க்காரர் காரைக்குடிக்குக் கொடுத்தார்; பீளமேட்டுக்காரர்கள் பீளமேட்டுக்குக் கொடுத்தார்கள். இன்றைய கொடையாளர் தாம் படித்த வளாகத்துக்குக் கொடுக்கிறார். ஏற்கெனவே வசதியான நிறுவனங்களில் படித்தவர்களே பெருஞ்செல்வம் சேர்ப்பதால், பணம் திரும்பவும் அங்கேயே போய்ச் சேர்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நிறைந்த மாவட்டக் கல்லூரிக்கு அத்தகைய முன்னாள் மாணவர் இல்லை. நடிகர் சூர்யா 2006-ல் தொடங்கிய அகரம் அறக்கட்டளை, அரசுப் பள்ளி மாணவரின் வீட்டுக்கே தன்னார்வலரை அனுப்பி நிலைமை அறிந்து கல்லூரியில் சேர்க்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தை மாநில அரசு 2022-ல் கொண்டுவந்தது. இவை மாணவரைக் கல்லூரி வாசலைத் தாண்ட வைக்கின்றன. உள்ளே அவர்களுக்குக் கிடைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் புத்தொழில் நிதிக்கும் இப்படியொரு ஏற்பாடு இன்னும் உருவாகவில்லை.

பெங்களூரில் 1909-ல் செய்தது போல, மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வரும் ஒவ்வொரு கொடைக்கும் அரசு தன் பங்கை முன்கூட்டியே உறுதிசெய்தால், கொடையாளர் தம் வளாகத்தை விட்டு வெளியே பார்க்கக் காரணம் கிடைக்கும். சம்பளமும் பராமரிப்பும் அரசின் கணக்கில், துணிந்து பார்க்கும் செலவு கொடையின் கணக்கில் என்று பிரித்துக்கொள்வதே, இருநூற்று முப்பது ஆண்டு வரலாறு ஆதரிக்கும் ஏற்பாடு.