1500-ஆ, 25,000-ஆ? தாம்பரத்துக் கம்பியில் ஒரு கணக்கு

பொம்மை ரயில் சேர்ப்பவர்களுக்கு வரும் முதல் குழப்பம் என்ஜினைப் பற்றியதல்ல, கரண்டைப் பற்றியது. மேஜை மேல் நாலடி தண்டவாளம் போட்டு என்ஜினை ஓட்டிப் பார்க்க எந்த பவர் சப்ளை வாங்குவது? பெரும்பாலான கம்பெனிகளின் என்ஜின்கள் 12 வோல்ட் டி.சி.யில் ஓடும். ஜெர்மனியின் மார்க்லின் கம்பெனியோ ஏ.சி.யை வைத்தே வளர்ந்தது. ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அடுத்து வாங்கும் எல்லாம் அதற்குப் பொருந்த வேண்டும். பிறகு மனம் மாறினால் பாதிச் சாமான் பரணுக்குத்தான்!

நிஜ ரயிலுக்கும் இதே குழப்பம் வந்தது. அதுவும் எங்கோ வெளிநாட்டில் அல்ல, சென்னை கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே.

1931: டி.சி. வந்த கதை

இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3-ம் தேதி பம்பாயில் ஓடியது. கம்பியில் 1500 வோல்ட் டி.சி. ஆறு வருடம் கழித்து, 1931 மே மாதத்தில், தென்னிந்திய ரயில்வே கம்பெனி கடற்கரை - தாம்பரம் மீட்டர்கேஜ் பாதையில் மின்சார ரயில் விட்டது. சுமார் 29 கிலோமீட்டர். அதற்கும் 1500 வோல்ட் டி.சி.யே.

அந்தக் காலத்துக்கு அது சரியான முடிவுதான். நின்ற இடத்திலிருந்து பாரத்தை இழுத்துக் கிளம்ப டி.சி. சீரீஸ் மோட்டார் போல வேறொன்று அப்போது இல்லை. ஏ.சி.யில் ஓட்டிய சுவிட்சர்லாந்து, ஜெர்மனி போன்ற நாடுகள்கூட, ஊருக்கு வரும் 50 சைக்கிள் கரண்டை அப்படியே பயன்படுத்தவில்லை. ரயிலுக்கென்று தனியாகக் குறைந்த சைக்கிள் கரண்டைத் தயாரித்தன. அந்தச் செலவு 29 கிலோமீட்டர் பாதைக்குக் கட்டுப்படியாகுமா?

எங்கே இடித்தது?

பள்ளிக்கூடக் கணக்குதான். வோல்டேஜையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட்ஸ். ஒரு ரயிலுக்கு 1500 கிலோவாட் வேண்டும் என்று வையுங்கள். 1500 வோல்ட்டில் அதற்கு 1000 ஆம்பியர் தேவை. 25,000 வோல்ட்டில் (மற்ற விஷயங்களை ஒதுக்கிவிட்டால்) 60 ஆம்பியர் போதும். கம்பி சூடாகி வீணாகும் மின்சாரமோ ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறும். அதாவது ஒரே கம்பியில் டி.சி.யின் நஷ்டம் 270 மடங்குக்கு மேல்! அதைக் குறைக்கத் தடிமனான செப்புக் கம்பி போட வேண்டும், சில கிலோமீட்டருக்கு ஒரு சப்-ஸ்டேஷன் கட்ட வேண்டும். 25,000 வோல்ட்டுக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு ஒன்று இருந்தாலே ஏறக்குறையப் போதும்.

தாம்பரம் வரை இது பெரிய தலைவலி இல்லை. ஆனால் செங்கல்பட்டைத் தாண்டி விழுப்புரம் வரை போவதென்றால் இன்னும் 130 கிலோமீட்டருக்கு மேல். வழியில் வயலும் ஏரியும் சின்னச் சின்ன ஸ்டேஷன்களும்தான். அவ்வளவு தூரத்துக்கும் டி.சி. சப்-ஸ்டேஷன்களை வரிசையாகக் கட்டினால் கணக்கு உதைக்கும்.

இதற்குள் உலகம் மாறியிருந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பிரான்ஸ் நாட்டு ரயில்வே, சாதாரண 50 சைக்கிள் கரண்டையே உயர் வோல்டேஜில் கம்பியில் விட்டு, என்ஜினுக்குள் டிரான்ஸ்ஃபார்மரும் ரெக்டிஃபையரும் வைத்து மோட்டாரை ஓட்டிக் காட்டியது. 1957-ல் இந்திய ரயில்வே 25,000 வோல்ட் ஏ.சி.யைத் தன் பொது முறையாக ஏற்றது. 1965 ஜனவரியில் தாம்பரம் - செங்கல்பட்டு மின்மயம் முடிந்தது. ஜப்பானில் மிட்சுபிஷி செய்த ஒய்.ஏ.எம்-1 என்ஜின்கள் வந்தன. ஒய் என்றால் மீட்டர்கேஜ், ஏ என்றால் ஏ.சி., எம் என்றால் சரக்கு, பயணிகள் இரண்டுக்கும் பொது.

பழையதை என்ன செய்வது?

உண்மையான சிக்கல் இங்கேதான். தாம்பரத்துக்குத் தெற்கே ஏ.சி., வடக்கே 1931-ன் டி.சி. என்று விட்டுவைத்தால், செங்கல்பட்டில் ஏறியவர் அதே ரயிலில் கடற்கரைக்குப் போய்ச் சேர முடியாது. தாம்பரத்தில் என்ஜின் மாற்ற வேண்டும், அல்லது இரண்டிலும் ஓடும் விலை உயர்ந்த வண்டி வாங்க வேண்டும்.

பழைய டி.சி. அமைப்பையே தூக்கிவிடலாமென்றால் அதுவும் இலவசமல்ல. 25,000 வோல்ட்டுக்குப் பாலங்களின் அடியில் கூடுதல் இடைவெளி வேண்டும். பக்கத்தில் போகும் டெலிபோன் கம்பிகளில் இரைச்சல் வராமல் பார்க்க வேண்டும். பழைய டி.சி. பெட்டிகள் கழிக்கப்படும். "இவ்வளவு பணம் போட்டோமே" என்று மனம் அடித்துக்கொள்ளும். ஆனால் வணிகவியலில் முதல் வருடமே சொல்லித்தரும் பாடம் இது: போன பணம் எப்படியும் திரும்பாது. இனி எந்த வழியில் எவ்வளவு செலவு என்பதே கேள்வி. 1967 ஜனவரி 15-ம் தேதி கடற்கரை - தாம்பரமும் 25,000 வோல்ட்டுக்கு மாறியது. 36 வருடத்து டி.சி. முடிந்தது.

இதைத் துணிச்சல் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. சென்னையிடம் இருந்தது வெறும் 29 கிலோமீட்டர். பம்பாயிடமோ புனே, இகத்புரி வரை டி.சி. பாதையும், நாள் முழுக்க நெரிசலான லோக்கல் ரயில்களும் இருந்தன. ரயிலை நிறுத்தாமல் அதை மாற்றுவது சாமானியமா? 1970-களில் இரு முறையிலும் ஓடும் என்ஜின்களைச் செய்து சமாளித்தார்கள். மும்பையின் கடைசி டி.சி. லோக்கல் ஓடியது 2016 ஏப்ரலில். சென்னைக்கும் மும்பைக்கும் இடைவெளி 49 வருடம்!

கேஜ் போனது, வோல்ட் நின்றது

பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. யாருக்காக இவ்வளவும் செய்தார்களோ அந்த மீட்டர்கேஜே சென்னைப் புறநகரில் 2004-ல் முடிந்துபோனது. தண்டவாளம், பெட்டி, என்ஜின் எல்லாம் அகல ரயிலுக்கு மாறின. மேலே கம்பியில் மட்டும் அதே 25,000 வோல்ட். மாமல்லபுரக் கடற்கரைக்கு இன்றும் ரயில் கிடையாது. ஆனால் அதன் தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையம் 1984 முதல் தரும் மின்சாரம் சேர்வதும் 50 சைக்கிள் பொது கிரிட்டில்தான். ரயிலுக்கென்று தனிக் கரண்ட் தயாரிக்காமல், ஊருக்கு வரும் கரண்டையே இறக்கிக்கொள்ளும் முறை என்பதால், எந்த மூலையில் புது மின் நிலையம் வந்தாலும் ரயிலுக்கும் பயன்படுகிறது.

மேஜை ரயிலுக்கு பவர் சப்ளை வாங்குபவரும் இன்று கையில் இருக்கும் ஒரு என்ஜினை மட்டும் பார்த்து வாங்கினால் தாம்பரத்தோடு நின்றுவிடுவார். ஒருநாள் செங்கல்பட்டு வரை போகும் ஆசை இருக்கிறதா என்பதைக் கடைக்குக் கிளம்பும் முன்பே யோசித்துவிடுவது நல்லது. ஆசை அதற்குப் பிறகு வந்தால்? தண்டவாளம் நீளும் முன்பே மாற்றிவிடுங்கள். செலவு குறைவு!