மாவுச்சத்து என்று பெயர் பெற்ற புரத நூல்

"வயசானா மறதி வரத்தானே செய்யும்!" நம் குடியிருப்பில் பெரியவர்கள் இருக்கும் எல்லா வீடுகளிலும் ஒருமுறையாவது கேட்டிருக்கும் பேச்சு இது. மருத்துவர்களும் இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் பல காலம் இதையேதான் சொல்லிவந்தார்கள். அவர்கள் எண்ணத்தை மாற்றியது, கண்ணுக்குத் தெரியாத ஒரு புரத நூல்.

1854-இல் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்கோ, மூளைத் திசுவில் கண்ட சிறு உருண்டைகள் மீது அயோடின் விட்டுப் பார்த்தார். பள்ளியில் உருளைக்கிழங்குத் துண்டின் மேல் அயோடின் விட்டு நீலமாவதைப் பார்த்தோமே, அதே சோதனைதான். இங்கும் நீலம் வந்தது. மாவுச்சத்து வகை என்று முடிவு செய்து, அந்தப் பொருள்பட 'அமிலாய்டு' என்று அழைத்தார். கல்லீரல், மண்ணீரலில் மெழுகுபோல் படியும் பொருளுக்கும் அதே பெயர் வந்தது. ஐந்தே ஆண்டுகளில், 1859-இல், ஃப்ரீட்ரைக், கெகுலே என்ற இருவர் அந்தப் படிவை ஆராய்ந்து, அது மாவுச்சத்தே அல்ல, புரதம் என்று காட்டினார்கள். (பென்சீன் வளையத்தைச் சொன்ன அதே கெகுலேதான்.) ஆனால் தவறான பெயர் மட்டும் இன்றுவரை போகவில்லை.

பருத்தித் துணிக்குச் சாயமேற்ற 1880-களில் ஜெர்மனியில் உருவான காங்கோ சிவப்பு, பிற்பாடு இந்தப் படிவைக் கண்டுபிடிக்கும் சாயமாகவும் ஆயிற்று. அந்த நிறத்துக்கும் காங்கோ நாட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்போது பெர்லினில் காங்கோ பற்றிய மாநாடு பரபரப்பாக இருந்ததால், விற்பனைக்காக வைத்த பெயர்.

இப்போது 1901-க்கு வருவோம். ஃப்ராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் அகஸ்டே டேட்டர் என்ற பெண்மணியைச் சேர்த்தார்கள். வயது 51. மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் அவரிடம் கணவர் பெயரைக் கேட்டார். தன் பெயரையே சொன்னார். பெயரை எழுதச் சொன்னால் 'திருமதி' என்று எழுதியதும் மீதி மறந்துவிட்டது. மதியம் காலிஃபிளவரும் பன்றி இறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டே, சாப்பிடுவது கீரை என்றார். இந்தக் குறிப்புகள் உள்ள கோப்பு 1995-இல்தான் மீண்டும் கைக்குக் கிடைத்தது. அதைப் படித்தால், அல்சைமர் எவ்வளவு பொறுமையாகக் கேள்வி கேட்டிருக்கிறார் என்பதுதான் முதலில் மனதில் படுகிறது.

1906 ஏப்ரலில் அந்த அம்மையார் இறந்தார். அவரது மூளையை நுண்ணோக்கியில் பார்த்த அல்சைமர், செல்களுக்குள் சிக்கலான நூல் முடிச்சுகளையும், செல்களுக்கு வெளியே திட்டுத் திட்டான படிவுகளையும் கண்டார். அந்த நவம்பரில் ட்யூபிங்கன் நகரில் நடந்த கூட்டத்தில் இதைப் பேசினார். யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அடுத்த பேச்சாளரை அழைத்துவிட்டார்கள். 1910-இல் கிரேபெலின் தம் பாடநூலில் அல்சைமர் நோய் என்று பெயரிட்டார். ஆனால் நோயாளி ஐம்பது வயதுக்காரர் ஆயிற்றே! ஆகவே இது நடுவயதில் அபூர்வமாக வரும் நோய் என்று ஒதுக்கப்பட்டது. எழுபது, எண்பது வயதில் வரும் மறதி முதுமைத் தளர்ச்சி, ரத்தக்குழாய் தடித்ததால் வருவது என்றே விடப்பட்டது. பெரியவர்கள் எத்தனை பேர் இதனால் கவனிப்பாரற்றுப் போனார்களோ.

1960-களில் இங்கிலாந்தின் நியூகாசிலில், முதியவர்களின் நினைவாற்றலை அவர்கள் உயிரோடு இருக்கும்போதே மதிப்பிட்டு, இறந்தபின் மூளையில் இருந்த திட்டுகளை எண்ணினார்கள். திட்டுகள் கூடக்கூட மறதியும் கூடியிருந்தது. 1976-இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் கேட்ஸ்மேன், முதுமை மறதிநோயும் அல்சைமர் நோயும் ஒன்றே என்று எழுதினார். அதன் பிறகுதான் அது வயதின் கோளாறு அல்ல, நோய் என்று ஆனது. மறதிக்கு பி12 குறைவு, தைராய்டு போன்ற சரிசெய்யக்கூடிய காரணங்களும் உண்டு என்பதால், வீட்டில் இருப்பவர்களை ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

அந்தத் திட்டில் இருப்பது என்ன? புரதச் சங்கிலி தனக்குரிய வடிவில் மடியாமல், தட்டையாகி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனால் நூலாகிவிடும். தடிமன் சுமார் 10 நானோமீட்டர். தலைமுடி அதைப்போலப் பல ஆயிரம் மடங்கு தடிமன். 1959-இல் பாஸ்டனில் கோஹன், கால்கின்ஸ் இருவரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அமிலாய்டை நூலாகவே பார்த்தார்கள். இத்தகைய நூலெல்லாம் கெடுதல் என்றும் இல்லை. நம் தோலுக்கு நிறம் தரும் மெலனின், உடலே நெய்துகொள்ளும் இதுபோன்ற புரத நூல்களின் மேல்தான் படிகிறது.

1984-இல் கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் ஜார்ஜ் க்ளென்னர், தம்முடன் பணியாற்றிய வாங்குடன் சேர்ந்து, அல்சைமர் நோயாளிகளின் மூளை உறையிலுள்ள ரத்தக்குழாய்களிலிருந்து அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்தார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே அவரும் மனைவி ஜாயும் அங்கே ஒரு பகல்நேரப் பராமரிப்பு மையம் தொடங்கியிருந்தார்கள். மறதிநோய் உள்ளவர்கள் காலையில் வந்து மாலையில் வீடு திரும்பலாம். வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கும் சில மணி நேரம் மூச்சுவிட இடம் கிடைக்கும். என்னைக் கேட்டால், ஆய்வுக்கூடத்துக் கண்டுபிடிப்புக்கு இது எந்த வகையிலும் குறைந்ததல்ல.

க்ளென்னர் 1995-இல் 67 வயதில் காலமானார். காரணம், வேறொரு புரதத்தின் அமிலாய்டு அவருடைய இதயத்தில் படிந்தது. அவர் பெயரிலான மையங்களில் ஒன்று 2018-இல் சூலா விஸ்டா நகரில், 1950-களின் கடைத்தெருவைப் போலவே உணவகம், திரையரங்கு எல்லாம் வைத்துத் திறக்கப்பட்டது. அங்கு வருபவர்களுக்கு அந்தக் காலத்துத் தெரு இன்னும் நினைவிருக்கிறது.