மூடாக்கு: பெங்களூரு வீட்டுத்தோட்டங்களில்

செடியைச் சுற்றியுள்ள மண்மீது சருகு, வைக்கோல், தேங்காய் மட்டைத் துண்டு போன்றவற்றைப் பரப்பி ஈரத்தைக் காப்பதும் களையை அடக்குவதும் மூடாக்கு. டிசம்பர் முதல் மார்ச் வரை மழை அரிதான பெங்களூருவில் செம்மண் விரைவில் இறுகிவிடுவதால் வீட்டுத்தோட்டத்துக்கு இது கட்டாயத் தேவை. நாய், பூனை வளர்க்கும் வீடுகளில் எதைப் பரப்புவது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்நகரில் மிகவும் பாதுகாப்பான மூடாக்கு காசு கொடுத்து வாங்குவதல்ல. தூங்குமூஞ்சி, புங்கம், இயல்வாகை ஆகிய சாலையோர மரங்கள் கொட்டும் சருகே போதும். இதைத் தெருவில் குவித்துக் கொளுத்தும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. திறந்தவெளியில் குப்பை எரிப்பவருக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்ட பிறகும் நிலைமை அதுதான். சருகைக் கிளறிப் பூச்சி தேடும் தவிட்டுக்குருவி, செண்பகம், குளிர்காலத்தில் வலசை வரும் ஆறுமணிக்குருவி ஆகியவற்றுக்கு அது இரைக்களம். அரணையும் தேரையும் அதனடியில் பதுங்கும். அரளி, மஞ்சள் அரளி இலைகளை மட்டும் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். காய்ந்த பின்னும் அவற்றின் நஞ்சு குறையாது.

ஆபத்து பெரும்பாலும் வாசனையுள்ள பொருள்களில் இருக்கிறது. கொக்கோ விதைத்தோல் சாக்லேட் மணம் வீசுவதால் நாய்கள் விரும்பித் தின்னும். அதிலுள்ள தியோபுரோமின், நாயின் உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் அளவிலேயே வாந்தியையும் படபடப்பையும் உண்டாக்கக்கூடும். தோலில் அது 1 விழுக்காடு இருப்பதாகக் கொண்டால், 10 கிலோ நாய்க்கு 20 கிராம் தோலே போதும். குடகிலிருந்தும் சிக்கமகளூருவிலிருந்தும் எளிதில் கிடைக்கும் காப்பித்தொலியிலும் காஃபீன் உண்டு. அதை நன்கு மக்க வைத்து, நாய் எட்டாத இடத்தில் மட்டும் இடலாம்.

மூடாக்கின் அடியில் தூவும் உரங்களில் ஆமணக்குப் புண்ணாக்குதான் மிகக் கொடியது. சூடாக்கி நஞ்சு நீக்காத புண்ணாக்கில் ரிசின் தங்கியிருக்கும். தின்ற நாய்க்கு இரத்தக் கழிச்சல் கண்டு உயிரே போகலாம். நாயுள்ள வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம். எலும்புத்தூளும் நாயைத் தோண்ட வைக்கும்.

மழைக்காலத்தில் ஈர மூடாக்குக்குள் ஆப்பிரிக்கப் பெருநத்தைகள் புகுந்துகொள்ளும். 1847-இல் கொல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த இனம் இன்று பெங்களூருத் தோட்டங்களுக்கும் தொல்லை. இதற்குத் தூவும் மெட்டால்டிஹைடு குருணை, தவிடு கலந்து செய்யப்படுவதால் நாய்களையும் ஈர்க்கிறது. தின்ற சில மணி நேரத்துக்குள் நடுக்கமும் வலிப்பும் வரும், முறிமருந்து கிடையாது. ஈரச் சாக்கைப் பப்பாளி இலையோடு மாலையில் போட்டுவைத்து, காலையில் அடியில் சேர்ந்த நத்தைகளைக் கையுறை போட்டுப் பொறுக்கி உப்புநீரில் இடுவதே நல்ல வழி.

படுகையின் தடிமன் 5 முதல் 8 சென்டிமீட்டர் போதும். வீட்டுச் சுவரை ஒட்டிக் குவித்தால் எலி சேரும். எலி சேர்ந்தால் நல்லபாம்பும் கண்ணாடிவிரியனும் தேடி வரும். மண்ணில் கூடமைக்கும் நீலவரித் தேனீக்களுக்காக ஒரு மூலையை வெறுமையாக விடுவது நல்லது. ரப்பர் துண்டுகள் மக்குவதில்லை, வெயிலில் கொதிக்கும். உயிரினங்களுக்கு அவற்றால் எந்தப் பயனும் இல்லை.

நாய் எதையேனும் தின்றுவிட்டால், வாந்தி எடுக்க வைக்க வீட்டு வைத்தியம் செய்யாமல், மூட்டையின் மேலுறையையும் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.