டன்ஜன் மாஸ்டர் கையில் லேப்டாப்

2022-ல் ஹாஸ்ப்ரோ கம்பெனி 14 கோடியே 63 லட்சம் டாலர் கொடுத்து 'டி அண்ட் டி பியாண்ட்' என்கிற வெப்சைட்டை வாங்கியது. உள்ளே என்ன இருந்தது என்று பார்த்தால், கொஞ்சம் புத்தகம், நிறைய கேரக்டர் ஷீட். அதாவது யாரோ ஒருவர் கற்பனை செய்த குள்ளனுக்கு எவ்வளவு பலம், எத்தனை அம்பு, பையில் எத்தனை பொற்காசு என்கிற கணக்கு. பென்சிலால் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளக் கூடிய சமாச்சாரத்துக்கு இவ்வளவு பணமா என்று ஆபீஸ் நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல ஐம்பது வருஷக் கதை தேவைப்படுகிறது.

முதலில், தெரியாதவர்களுக்காக. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வீடியோ கேம் இல்லை. ஒரு மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஆடுவது. ஒருவர் கதையை நடத்துவார், அவர் டன்ஜன் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "கதவைத் திறக்கிறேன்", "அந்தக் காவலாளிக்கு லஞ்சம் கொடுத்துப் பார்க்கிறேன்" என்று வாயால் சொல்ல வேண்டும். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். நம்ம தாயக்கட்டைக்கு நாலு பக்கம். இவர்களிடம் 4, 6, 8, 12, 20 பக்கம் என்று ஒரு கைப்பிடியே இருக்கும். 

1974-ல் அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரிலிருந்து வெளிவந்தது. எழுதியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். ஒரு பெட்டிக்குள் மூன்று சின்னப் புத்தகங்கள், முதல் பதிப்பு 1,000 பிரதி. ஆனால் வேர் இன்னும் பழையது. 1824-ல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ், தன் தகப்பனாரின் போர் விளையாட்டைத் திருத்தி விதிப் புத்தகமாக அச்சிட்டார். ராணுவத்தினர் வரைபடத்தில் சின்னத் துண்டுகளை நகர்த்திப் போர் பழகுவதற்கான ஆட்டம். அதில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு நடுவர் உண்டு. யாருக்கு எது தெரியலாம், எது தெரியக்கூடாது என்பதை முடிவு செய்பவர் அவர்தான். நூற்றைம்பது வருஷம் கழித்து டன்ஜன் மாஸ்டர் உட்கார்ந்தது அந்த நாற்காலியில்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் பாடு கஷ்டம். ஆறு பூதங்களுக்கும் தனித்தனியாக எவ்வளவு உயிர் மிச்சம், யார் முறை அடுத்து, மந்திரம் இன்னும் எத்தனை சுற்று நீடிக்கும், புதையலில் என்ன கிடைத்தது, எல்லாவற்றையும் அவர் நினைவில் வைக்க வேண்டும். 1979-ல் கைகாக்ஸ் எழுதிய 'டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட்' புத்தகத்தைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் அட்டவணை. பகடை உருட்டி உருட்டியே ஒரு பாதாளக் கோட்டையை வரைந்துகொள்ளக்கூட ஒரு பின்னிணைப்பு உண்டு. என்னைக் கேட்டால் அது மனிதன் கையால் ஓட்டும் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம். கம்ப்யூட்டர்காரர்கள் இதைக் கண்டதும் விடாததில் ஆச்சரியம் இல்லை.

அவர்கள் இரண்டு விதமாகப் பிரிந்தார்கள். மாஸ்டரையே தூக்கிவிட்டு அங்கே மெஷினை வைக்கலாம் என்றது ஒரு கூட்டம். 1975 வாக்கிலேயே அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பிளேட்டோ டெர்மினல்களில் அந்த மாதிரி ஆட்டங்கள் வந்துவிட்டன. இன்றைய வீடியோ கேம்களில் பாதி அந்த வழியில் வந்த சந்ததி. இன்னொரு கூட்டம், மாஸ்டர் இருக்கட்டும், அவருக்கு ஒரு கணக்குப்பிள்ளை கொடுப்போம் என்றது. 1988-ல் எஸ்எஸ்ஐ கம்பெனி இரண்டையும் விற்றது. 'பூல் ஆஃப் ரேடியன்ஸ்' முதல் வகை, ஓஹோவென்று ஓடியது. 'டன்ஜன் மாஸ்டர்ஸ் அசிஸ்டன்ட்' இரண்டாவது வகை. மாஸ்டருக்காகப் பூதங்களை உருவாக்கி, உயிர்க்கணக்கு போட்டுக் கொடுக்கும். அடுத்த வருஷம் இரண்டாம் பாகம் வந்ததோடு சரி. காரணம் சுலபம். டிவிப் பெட்டி சைஸ் மானிட்டரைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாப்பாட்டு மேஜையில் வைக்க முடியுமா? முதல் நாளே உட்கார்ந்து பிரின்ட் எடுத்துக்கொண்டு போனால்தான் உண்டு.

1993-ல் இங்கிலாந்தின் புரோஃபேன்டசி 'கேம்பெய்ன் கார்ட்டோகிராபர்' கொண்டு வந்தது. ஃபாஸ்ட்கேட் என்ற வரைபட மென்பொருளின் மேல் கட்டியது. ஆட்டோகேட் பழகிய சிவில் எஞ்சினியர்கள் பார்த்தால் சிரிப்பார்கள், அதே கோடு, அதே லேயர். வரைவது மட்டும் டிராகன் குகை. 1996-ல் வந்த 'கோர் ரூல்ஸ்' சிடியில் புத்தகங்களின் வாசகமே தேடிப் பார்க்கும்படி இருந்தது. லேப்டாப் விலை குறைய ஆரம்பித்ததும் இந்தச் சிடி மேஜைக்கே வந்தது. இங்கே ஒரு வேடிக்கை. மாஸ்டர் தன் ரகசியக் குறிப்புகளை மறைக்க ஒரு அட்டைத் தட்டி வைத்துக்கொள்வது பழைய வழக்கம். லேப்டாப்பின் மூடி அந்தத் தட்டியின் வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டது!

2000-ல் மூன்றாம் பதிப்பு. ஆட்டம் அதற்குள் டிஎஸ்ஆர் கையிலிருந்து விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் கைக்கும் (1997), அங்கிருந்து ஹாஸ்ப்ரோவுக்கும் (1999) போயிருந்தது. அந்தப் பதிப்போடு இரண்டு விஷயம் நடந்தது. ஒன்று, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைப் பார்த்து 'ஓப்பன் கேம் லைசன்ஸ்' கொண்டு வந்தார்கள். அடிப்படை விதிகளை யாரும் எடுத்து ஆளலாம். இரண்டு, 'மாஸ்டர் டூல்ஸ்' என்று கேரக்டரும் வரைபடமும் சேர்ந்த ஒரு மென்பொருளை வாக்களித்தார்கள். இழுத்து இழுத்து 2002-ல் வந்தபோது பெயர் 'இ-டூல்ஸ்', வரைபடப் பகுதி காணோம், பிழைகள் தாராளம். ஆனால் அந்த லைசன்ஸை நம்பி ரசிகர்கள் எழுதிய பிசிஜென் நன்றாகவே ஓடியது. இலவசம், ஜாவா (அதனால் ஆற அமரத்தான் திறக்கும்), தகவல்கள் எல்லாம் சாதாரண எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்து நம் வசதிக்குத் திருத்திக்கொள்ளலாம்.

இந்த இடத்தில்தான் கதை எனக்கு முக்கியமாகிறது. உங்கள் லேப்டாப்பில் இருக்கும் புரோகிராம் வேறு, அடுத்தவன் சர்வரில் இருக்கும் புரோகிராம் வேறு.

நான்காம் பதிப்பு 2008-ல் வந்தபோது கேரக்டர் செய்யவும் தூரத்திலிருந்து ஆடவும் எல்லாம் இணையத்தில் தருவோம் என்றார்கள். கேரக்டர் பில்டர் 2009-ல் வந்தது, அருமையாக இருந்தது, கணினியில் இறக்கிக்கொள்ளலாம். அதே வருஷம் ஏப்ரலில் பிடிஎஃப் புத்தக விற்பனையை ஒரே நாளில் நிறுத்தினார்கள், திருட்டுப் பிரதிகள் பெருகிவிட்டன என்று காரணம் சொல்லி. 2010 நவம்பரில் பில்டரைச் சில்வர்லைட்டுக்கு மாற்றி, சந்தா கட்டினால்தான் உண்டு என்றார்கள். ஆன்லைன் மேஜை சோதனை நிலையைத் தாண்டவே இல்லை, 2012-ல் மூடிவிட்டார்கள். 2020 ஜனவரி 1-ஆம் தேதி சில்வர்லைட் கருவிகளும் மூடப்பட்டன. சர்வரில் மட்டும் கேரக்டரை வைத்திருந்தவர்களுக்கு அத்தோடு போயிற்று. பழைய இறக்கிய பில்டரை வைத்திருந்தவர்கள் தொடர்ந்து ஆடினார்கள், ரசிகர்கள் தகவல்களைப் புதுப்பித்துக் கொடுத்தார்கள்.

இதற்கு நடுவே ஊர்விட்டு ஊர் வந்தவர்களின் கதை ஒன்று. ஃபின்லாந்தில் பிறந்த 'ஃபேன்டசி கிரவுண்ட்ஸ்' 2004-லேயே தூரத்தில் இருப்பவர்களை ஒரே மேஜைக்குக் கொண்டுவந்தது. 2012-ல் கல்லூரியில் ஒரே அறையில் இருந்த மூன்று பேர், வேலைக்காக வேறு வேறு ஊருக்குப் போய்விட்டதால் ஆட்டம் நின்றுவிடக்கூடாது என்று 'ரோல்20' செய்தார்கள். கிக்ஸ்டார்ட்டரில் கேட்டது 5,000 டாலர், கிடைத்தது சுமார் 40,000. பிரவுசர் போதும், எதையும் இறக்க வேண்டாம். வரைபடத்தில் நீங்கள் போகாத அறை இருட்டாகவே இருக்கும். பிரஷ்ய நடுவர் செய்த வேலைதான், இப்போது மெஷின் செய்கிறது. கோவை, புனே, டொராண்டோ என்று சிதறிய நண்பர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. 2020 ஊரடங்கில் இது பிழைப்பாகவே ஆனது. அதே வருஷம் மே மாதம் வந்த 'ஃபவுண்டரி' நேர் எதிர் வழி: ஒரு தடவை 50 டாலர், சந்தா இல்லை, ஆட்டம் மாஸ்டரின் சொந்த லேப்டாப்பிலேயே ஓடும். மற்றவர்கள் பிரவுசர் வழியாக அதற்குள் வருவார்கள். அவர் வீட்டில் கரண்ட் போனால் எல்லாருக்கும் ஆட்டம் போச்சு என்பது வேறு விஷயம் :-)

2023 ஜனவரியில் வெடித்தது. இருபது வருஷத்து லைசன்ஸை மாற்றப்போகிறார்கள் என்று வரைவு கசிந்தது. கோபத்தில் பலர் டி அண்ட் டி பியாண்ட் சந்தாவை ரத்து செய்தார்கள். சமாதானத்துக்கு வந்த அடுத்த வரைவில் ஆன்லைன் மேஜைகளுக்கு ஒரு விதி. சாப்பாட்டு மேஜையில் நடப்பதைத் திரையில் செய்யலாம், ஆனால் மந்திர அம்பு பறப்பதை அனிமேஷனாகக் காட்டக்கூடாது, அது கற்பனையில் நடக்க வேண்டியது, காட்டினால் வீடியோ கேம் ஆகிவிடும் என்றார்கள். 1988-ல் இரண்டு பெட்டியாகப் பிரிந்த அதே கேள்வி வக்கீல் பாஷையில் திரும்பி வந்தது. அதைச் சொன்னவர்களோ தாங்களே முப்பரிமாண மேஜை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்! எதிர்ப்பு அடங்கவில்லை. ஜனவரி 27-ஆம் தேதி அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸில் போட்டுவிட்டார்கள். அதைத் திரும்ப வாங்க முடியாது.

சர்வர் பிரச்சினை மட்டும் தீரவில்லை. 2024 ஆகஸ்டில், புது விதிகள் வரவிருந்த நேரத்தில், கேரக்டர் ஷீட்களில் பழைய மந்திரங்களை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுவோம் என்றது பியாண்ட். காசு கொடுத்து வாங்கிய பழைய புத்தகம் அலமாரியில் அப்படியே இருக்க, ஷீட் மட்டும் ராத்திரியோடு ராத்திரியாக மாறும். கூச்சலுக்குப் பிறகு சில நாளில் பின்வாங்கினார்கள். அந்த முப்பரிமாண மேஜை 'சிகில்' 2025 பிப்ரவரியில் வெளிவந்தது. மார்ச்சிலேயே அதன் குழுவில் பெரும்பாலோரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

ஆபீஸ் நண்பருக்கு இவ்வளவையும் சொன்னேன். அவர் மகள் பெங்களூரில் படிக்கிறாள், மூன்று வருஷமாக ஒரே கேரக்டரை வளர்க்கிறாளாம். ஷீட்டை மாதம் ஒரு தடவை பிடிஎஃப் ஆக இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றேன். போன் பண்ணிக் கேட்டிருக்கிறார். "அதெல்லாம் நோட்டில் பென்சிலால் எழுதி வெச்சிருக்கேன்ப்பா" என்றாளாம்.