செந்தூலில் யாருக்குக் குளிர்ச்சி?

செந்தூல் என்பது முதலில் ஒரு மரத்தின் பெயர். மலாயில் கெச்சாப்பி என்றும் சொல்வார்கள். புளிப்பும் இனிப்பும் கலந்த பழம். மரத்தின் பெயரைச் சுமக்கும் இந்த ஊரில் இப்போது ‘பசுமை’ என்ற சொல் அடுக்குமாடி விளம்பரப் பலகைகளில்தான் அதிகம் கண்ணில் படுகிறது. அந்தச் சொல் இங்கே எப்படி வந்து சேர்ந்தது, யாருக்காக வந்தது என்று கேட்டுப் பார்க்கலாம். நான் பொறியியல் படித்தவன். அதனால் கொஞ்சம் கணக்கும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1905இல் மலாய் ஐக்கிய மாநில இரயில்வேயின் மத்தியப் பட்டறை செந்தூலில் எழுந்தது. தமிழகத்திலிருந்து வந்தவர்கள் தண்டவாளத்திலும் பட்டறையிலும் உழைத்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் கிராணிகளாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் இருந்தார்கள். மேலே வெள்ளைக்கார அதிகாரிகள். வீடுகளும் இதே வரிசையில்தான் அமைந்தன. அதிகாரிக்கு உயரமான கூரை, அகன்ற வராந்தா, நான்கு பக்கமும் காற்று வரும் பங்களா. கிராணிக்குக் கொஞ்சம் சின்ன குவார்ட்டர்ஸ்; ஆனாலும் கதவுக்கு மேல் காற்றுத் துவாரம், வெயில் சுவரில் விழாதபடி நீண்ட கூரை விளிம்பு. தொழிலாளிக்கு ஒட்டி ஒட்டிக் கட்டிய லயம்.

பழைய குவார்ட்டர்ஸில் வாழ்ந்த பெரியவர்கள் “அந்த வீட்டுல ஃபேனே வேணாம்பா” என்று சொல்லும்போது அது வெறும் ஏக்கம் இல்லை. அதில் இயற்பியல் இருக்கிறது. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து மூன்று பாகைதான் வடக்கே. பகலில் 33 பாகை செல்சியஸ், இரவிலும் சுமார் 24. காற்றில் ஈரம் அதிகம். இங்கே உடம்பு குளிர இரண்டு வழிதான்: வெயிலைச் சுவருக்கு வெளியே நிறுத்தணும், காற்று வீட்டுக்குள் குறுக்கே ஓடணும். மலாய்க் கம்பத்து வீடு இதைத் தூண் மேல் நின்றுகொண்டு செய்தது. காலனியப் பொறியாளர்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் லயத்தில் இருந்தவரைக் கேட்டால் வேறு கதை கிடைக்கும். அந்தக் குளிர்ச்சி பதவிப்படி பங்கிடப்பட்டது.

பிறகு கான்கிரீட் வந்தது. 1984ஆம் ஆண்டின் சீர்மைக் கட்டட விதிகள் வீட்டின் கூடமும் படுக்கையறையும் குறைந்தது 2.5 மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்றன. சன்னல் தரைப் பரப்பில் பத்து விழுக்காடு, அதில் காற்றுக்குத் திறக்கும் பகுதி ஐந்து விழுக்காடு. இது குறைந்தபட்ச அளவுதான். ஆனா நடைமுறையில் குறைந்தபட்சமே வழக்கமாகிவிட்டது. மலிவுவிலை ஃப்ளாட்டின் மேல்மாடியில் நாள் முழுக்கக் கான்கிரீட் சூட்டைக் குடிக்கிறது. ஆள் தூங்கும் நேரத்தில் அதைத் திருப்பிக் கக்குகிறது. தீர்வு ஏர்கோன். ஏர்கோனுக்கு மின்கட்டணம்.

இதற்கிடையே உலகம் கட்டடங்களுக்கு மதிப்பெண் போடத் தொடங்கியிருந்தது. 1990இல் பிரிட்டனின் ‘பிரியாம்’, அதே பத்தாண்டின் இறுதியில் அமெரிக்காவின் ‘லீட்’, 2005இல் சிங்கப்பூரின் ‘கிரீன் மார்க்’. மலேசியாவில் கட்டடக் கலைஞர்கள் சங்கமும் ஆலோசகப் பொறியாளர்கள் சங்கமும் சேர்ந்து 2009இல் பசுமைக் கட்டடக் குறியீட்டைக் கொண்டுவந்தன. ஆற்றல், உட்புறச் சூழல், இடத்தேர்வு, பொருள்கள், நீர், புத்தாக்கம் என்று ஆறு தலைப்புகள், மொத்தம் நூறு மதிப்பெண். ஐம்பது எடுத்தால் சான்றிதழ், 86க்கு மேல் பிளாட்டினம். மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுபடி சோதனை. இதில் தேறிய வீட்டை மேம்பாட்டாளரிடம் வாங்குவோருக்கு 2014 இறுதிவரை முத்திரை வரிச் சலுகையும் இருந்தது.

குடியிருப்புகளுக்கான பட்டியலில் அதிக மதிப்பெண் ஆற்றலுக்கு இல்லை, இடத்துக்குத்தான். பக்கத்தில் இரயில் நிலையம் இருந்தால் மதிப்பெண். கடை, பள்ளி, மருந்தகம் நடக்கும் தூரத்தில் இருந்தால் மதிப்பெண். காட்டை அழிக்காமல், ஏற்கெனவே கட்டடம் இருந்த நிலத்தில் மீண்டும் கட்டினால் அதற்கும் உண்டு. எல்லாம் நியாயமான அளவுகோல்கள். இப்போது செந்தூலைப் பாருங்கள். கோமுட்டர் இருக்கிறது, எல்.ஆர்.டி. இருக்கிறது, 2023 மார்ச்சிலிருந்து எம்.ஆர்.டி.யும் வந்துவிட்டது. இடத்துக்கான மதிப்பெண்ணை அள்ள இதைவிட நல்ல ஊர் ஏது? அந்த மதிப்பெண்ணுக்கு அடியில் கிடப்பது நம் ஆட்கள் போட்ட தண்டவாளம். பட்டியலில் அவர்களுக்கென்று ஒரு கட்டம் இல்லை. இடிக்கப்பட்ட வீட்டுக்கும் இல்லை. பிரிக்பீல்ட்ஸின் ‘நூறு குவார்ட்டர்ஸ்’ இடிந்தபோது, அதன் செங்கல்லைச் சுட எரித்த விறகும் சுமந்த உழைப்பும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

வேறு வழி இல்லாமலும் இல்லை. செந்தூல் பூங்காவில் பழைய இரயில்வே கட்டடம் ஒன்றை இடிக்காமல் எடுத்துக் கட்டி, 2005இல் நாடக அரங்கமாகத் திறந்தார்கள். இருக்கும் சுவரைக் காப்பாற்றுவதைவிடச் சிக்கனமான பசுமை கிடையாது. பெட்டாலிங் ஜெயாவின் எஸ்11 வீடு நிழலையும் குறுக்குக் காற்றையும் நம்பிக் கட்டப்பட்டு பிளாட்டினம் வாங்கியது. பழைய பாடத்துக்குப் புதிய சான்றிதழ் என்றுகூடச் சொல்லலாம்.

சான்றிதழை நான் குறை சொல்லவில்லை. அது வந்த பிறகுதான் கட்டுகிறவர்கள் வெயில் விழும் திசையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். ஆனால் அது விருப்பப்பட்டவர் எழுதும் பரீட்சை. 124 ரிங்கிட் வாடகை கொடுத்து மக்கள் வீட்டுத் திட்ட ஃப்ளாட்டில் இருப்பவர் அந்தப் பரீட்சையை எழுத முடியாது. அன்று குளிர்ச்சியைப் பதவி முடிவு செய்தது, இன்று விலை முடிவு செய்கிறது. 2017இல் குடியிருப்புகளுக்கென்றே எம்.எஸ். 2680 என்ற ஆற்றல் வழிகாட்டி வந்தது, அதுவும் வழிகாட்டிதான். கூரைக்கு வெப்பக்காப்பு, சன்னலுக்கு நிழல், எதிரெதிர்த் திறப்பு. இந்த மூன்றையும் மலிவுவிலை வீட்டுக்கு முதலில் கட்டாயமாக்கினால், மேல்மாடியில் இருப்பவர் இரவில் தூங்குவார். பிளாட்டினத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.