முகப்பு விளக்கும் உத்தரவாதமும்: ஒரு வரலாற்று நோக்கு

மோட்டார் வாகனமொன்றின் முகப்பு விளக்கு அணைந்துவிடுகிறது. வேறொரு நிறுவனத்தின் மின்குமிழை உரிமையாளர் அதிற் பொருத்தியிருந்தார். "எமது பாகத்தை நீர் பயன்படுத்தவில்லை, ஆதலால் எமது உத்தரவாதம் செல்லாது" என்கிறார் உற்பத்தியாளர். அற்பமெனத் தோன்றும் இப்பிணக்கினுள், விற்ற பொருளின்மீது விற்றவனுக்கு எவ்வளவு அதிகாரம் எஞ்சுகின்றது என்ற பெருவினா அடங்கியுள்ளது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அவ்வினா விடைகாண முயன்ற வரலாற்றை இக்கட்டுரை சுருக்கமாக நோக்குகின்றது.

தொடக்ககால வண்டிகளில் எண்ணெய் விளக்குகளும் அசெற்றிலீன் வாயு விளக்குகளுமே ஒளி தந்தன. அவை எஞ்சினோடு தொடர்பற்றவை. விளக்கின் பழுது விளக்கோடு முடிந்தது. 1912ஆம் ஆண்டுக் கடிலாக் வண்டியிலோ, எஞ்சினை முடுக்குதல், எரிபற்றல், ஒளியூட்டல் ஆகிய மூன்றும் ஒரே மின்னமைப்பில் இணைக்கப்பட்டன. அதன்பின் ஓரிடத்துப் பழுது பிறிதோரிடத்தில் வெளிப்படலாயிற்று. விளக்கு மங்குவதற்குக் காரணம் குமிழா, துருவேறிய இணைப்பா, தளர்ந்த பற்றரி வயரா என்பது கண்ணுக்குப் புலனாவதில்லை. காரணம் மறைந்திருக்குமிடத்திற் பழி சுமத்துதல் எளிது.

உத்தரவாதப் பத்திரத்தை எழுதியவர்களும் உற்பத்தியாளர்களே. 1950களில் அதன் வழக்கமான எல்லை 90 நாட்கள் அல்லது 4,000 மைல்கள். பழுதுற்ற பாகத்தை மாற்றித் தருவதற்கப்பால் எப்பொறுப்பையும் அது ஏற்கவில்லை. 1960இல் புளூம்ஃபீல்ட் மோட்டர்ஸ் வழக்கில் நியூ ஜேர்சி மாநில உயர் நீதிமன்றம், பேரம்பேசும் வலுவற்ற நுகர்வோன்மீது திணிக்கப்பட்ட இத்தகைய பொறுப்புத்துறப்பு செல்லாதெனத் தீர்த்தது.

பாகங்களைப் பற்றிய வழக்குகள் இதற்கு முந்தியவை. தன் இயந்திரங்களைக் குத்தகைக்குப் பெற்றோர் தன் அட்டைகளையே பயன்படுத்த வேண்டுமென ஐ.பி.எம். நிறுவனம் விதித்திருந்தது. தரங்குறைந்த அட்டைகள் இயந்திரத்தின் செயலைக் கெடுக்கும் என்பது அதன் வாதம். 1936இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அதனை நிராகரித்தது. எனினும் அதே ஆண்டில், தன் முகவர்கள் பிறருடைய பாகங்களை விற்கலாகாதென ஜெனரல் மோட்டர்ஸ் விதித்த நிபந்தனையை அதே நீதிமன்றம் நிலைக்கவிட்டது. சட்டம் இன்னும் தெளிவடையவில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

விளக்கைப் பொறுத்தவரை, தொழினுட்பமே சிலகாலம் நுகர்வோனுக்குத் துணைநின்றது. 1940ஆம் ஆண்டு வண்டிகள் முதல், ஏழு அங்குல விட்டமுடைய மூடிய ஒளிக்கற்றை விளக்கு பொது நியமமாயிற்று. எந்நிறுவனம் செய்த விளக்கும் எவ்வண்டிக்கும் பொருந்தியது.

1975 ஜனவரியில் ஜனாதிபதி ஜெரால்ட் போர்ட் கைச்சாத்திட்ட மக்னசன்–மொஸ் உத்தரவாதச் சட்டம் பிரச்சினையை நேரடியாக அணுகியது. இலவசமாக வழங்கினாலன்றி, அல்லது கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு விதிவிலக்களித்தாலன்றி, குறித்த வணிகப் பெயருடைய பாகத்தையே பயன்படுத்த வேண்டுமென உத்தரவாதத்திற்கு நிபந்தனை இடலாகாது என அது விதித்தது. பிறர் செய்த பாகமே பழுதை விளைவித்ததென உற்பத்தியாளர் நிறுவுவாராயின், அப்பழுதுக்கான பொறுப்பை அவர் மறுக்கலாம் என 1977இல் ஆணைக்குழு விளக்கியது. இங்கேதான் உண்மையான மாற்றம் நிகழ்ந்தது: நிரூபிக்கும் சுமை வாங்கியவனிடமிருந்து விற்றவனுக்கு இடம்மாறியது.

எனினும், நிரூபணத்திற்கு அறிவு வேண்டும். அவ்வறிவு யார் கையில் உளது? 1983இல் விளக்கு விதிகள் தளர்த்தப்பட்டதும், ஒவ்வொரு வண்டிக்கும் தனி வடிவுடைய விளக்குகள் தோன்றின. பின்னர் அவை இலத்திரனியற் கட்டுப்பாட்டு அலகுகளோடு பிணைக்கப்பட்டன. பழுதின் காரணத்தைக் கூறும் தரவுகள் உற்பத்தியாளரின் மென்பொருளுக்குள் ஒடுங்கின. மசாசூசெற்ஸ் மாநில வாக்காளர்கள் 2012இலும் 2020இலும் அத்தரவுகளைத் திறந்துவிடக் கோரி வாக்களித்தமை இதன் எதிரொலியே.

சட்டம் வழங்கிய உரிமை, பழுதின் காரணத்தைக் கண்டறியும் அறிவோடு சேர்ந்தபோதே பயன்தரும். அவ்வறிவு ஒருதரப்பாரிடமே தங்குமாயின், நிரூபிக்கும் சுமை ஏட்டில் விற்றவனிடமும் நடைமுறையில் வாங்கியவனிடமும் இருக்கும். அணைந்த விளக்கொன்று நமக்கு உணர்த்தும் வரலாற்றுண்மை இதுவேயாகும்.