ரூத் என்னும் பெயர்

மலையகத் தோட்டங்களிலே 'பேர்' என்ற சொல்லுக்கு இருபொருள் உண்டு. ஒன்று பெற்றோர் இடுவது. மற்றொன்று செக்ரோலில் விழுவது, அதாவது ஒருநாட் கூலி. குறித்த நிறைக்குக் கொழுந்து சேராவிடில் அரைப்பேர்தான். உடப்புசல்லாவையில் வாழும் எமக்கு ரூத் என்ற பெயரின் வரலாறு இவ்விரு பொருளிலும் விளங்குகின்றது.

வேதாகமத்து ரூத் மோவாபியப் பெண். பஞ்சம் பிழைக்கப் பெத்லகேமிலிருந்து மோவாபுக்கு வந்த குடும்பமொன்றில் வாழ்க்கைப்பட்டவள். கணவன் மாண்டபின் மாமி நகோமியோடு மாமியின் ஊருக்கே புறப்பட்டாள். மற்ற மருமகள் ஒர்பாள் தாய்வீடு திரும்பினாள். அவளைப் பழிக்க நமக்கென்ன உரிமை? பெத்லகேமில் ரூத், வாற்கோதுமை அறுப்போரின் பின்னே சென்று சிந்திய கதிர்களைப் பொறுக்கினாள். ஏழைக்கும் அந்நியனுக்கும் அக்கதிர்களை விட்டுவிட வேண்டும் என்பது மோசேயின் சட்டம். ஆயினும் அதே சட்டம், மோவாபியன் பத்தாந் தலைமுறையிலும் சபைக்குள் வரலாகாது என்கிறது. அத்தடை கிடக்க, கதிர் பொறுக்கிய அந்த அந்நியப் பெண் போவாசை மணந்தாள். தாவீது மன்னனின் பாட்டனைப் பெற்றாள். இயேசுவின் வம்ச அட்டவணையில் மத்தேயு அவள் பெயரையும் எழுதிவைத்தார்.

தமிழோடும் இவளுக்கு உறவுண்டு. தரங்கம்பாடியில் பழைய ஏற்பாட்டைத் தமிழாக்கிவந்த சீகன்பால்கு, ரூத்தின் நூல்வரை முடித்து 1719இல் மறைந்தார்.

ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் 1819இல், அந்நிய வயலில் ஊர்நினைந்து கண்ணீர் விடும் ரூத்தைக் காட்டினார். அழகுதான், ஆனால் மூலநூலின் வயலில் அவள் அழவில்லை, காலைமுதல் மாலைவரை உழைக்கிறாள். எலிசபெத் காஸ்கெல் 1853இல் 'ரூத்' என்ற நாவலில், செல்வனொருவன் கைவிட்ட தையற்பெண்ணுக்கு அப்பெயரை இட்டார். அந்நூலைத் தீயிலிட்ட கனவான்களும் இருந்தனர். 1952இல் சென்னையில் பிறந்த ரூத் மனோரமாவோ, பெங்களூரில் வீட்டுவேலைப் பெண்களையும் சேரிப் பெண்களையும் அணிதிரட்டினார். தலித் பெண்களின் உரிமைக்கான பணிக்கு, 'மாற்று நோபல்' எனப்படும் விருது 2006இல் அவரைத் தேடிவந்தது.

நகோமியின் குடும்பத்தைப் போலவே பஞ்சத்தால் பெயர்ந்தவர்தாம் எம் முன்னோர். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்தம் சந்ததியாருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. எஞ்சியோருக்கும் பிரஜாவுரிமை அளிக்கும் சட்டம் 2003இல் வந்தது. ஊர்வாசலில் பத்து மூப்பரை அமர்த்திப் போவாஸ் ஒரே நாளில் முடித்த காரியத்துக்கு இங்கே 55 ஆண்டுகள். அதற்குள் தலைமன்னாரில் கப்பலேறிய குடும்பங்களில், மாமி ஒரு நாட்டுக்கும் மருமகள் மறு நாட்டுக்குமாகப் பிரிந்ததும் உண்டு.